கடலின் நீலம் யாருடையது? சி.வி. ராமன் கப்பலில் தொடங்கிய கணக்கு

சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் விமானத்தில் ஜன்னல் சீட் கிடைத்திருந்தால் இதைக் கவனித்திருப்பீர்கள். மெரினாவைத் தாண்டும்போது கீழே கடல் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கித் தெரியும். கொஞ்ச நேரத்தில் பழுப்பு போய்விடும், பிறகு பச்சையும் போய்விடும். அப்புறம் மையைக் கொட்டியது மாதிரி அடர்நீலம்தான். மேலே அதே வானம், அதே வெயில். கீழே அதே வங்கக்கடல். நிறம் மட்டும் ஏன் மாறுகிறது?

'வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிக்கிறது' என்று பள்ளியில் யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அந்தப் பதில் 1921-லேயே அடிபட்டுப் போய்விட்டது. அதை அடித்தவர் திருச்சிக்காரர். அப்போது அவருக்கு வயது 32. கையில் இருந்தது, சட்டைப் பையில் அடங்கும் ஒரு கண்ணாடிப் பட்டகம்.

சந்திரசேகர வெங்கட ராமனை நோபல் பரிசு, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம் என்ற இரண்டு வரிகளில் நமக்குத் தெரியும். பொது அறிவுத் தேர்வுக்கு அது போதும். ஆனால் அவர் ஏழு ஆண்டுகள் விடாமல் துரத்திய கேள்வி, கேட்க மிகச் சாதாரணமானது: தண்ணீரில் தெரியும் நிறம் தண்ணீருடையதா, இல்லை அதில் மிதக்கும் அழுக்குடையதா?

ஆபீஸ் முடிந்ததும் ஆராய்ச்சி

1888 நவம்பர் 7-ம் தேதி திருவானைக்காவலில் பிறந்தார் ராமன். அப்பா சந்திரசேகரருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போனது. ஆகவே சிறு வயதிலேயே கடலோர ஊர். அடுத்துப் படித்த சென்னை மாநிலக் கல்லூரிக்கும் எதிரிலேயே மெரினா. கடல் அவருக்குப் புதிது இல்லை.

18 வயதில், 1906-ல், ஒளி பற்றிய அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டனிலிருந்து வெளிவரும் ஓர் ஆய்விதழில் வந்துவிட்டது. இன்றைக்கு இப்படி ஒரு மாணவர் இருந்தால் நேராக வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போவார். அன்றைக்கு உடல்நிலை இடம் கொடுக்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். இந்தியாவில் ஆராய்ச்சியை நம்பி யாரும் வீட்டு வாடகை கட்ட முடியாத காலம் அது. நிதித்துறைத் தேர்வு எழுதி, அதில் முதலிடம் பிடித்து, 1907-ல் கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்காளராக வேலைக்குச் சேர்ந்தார். அதே ஆண்டு லோகசுந்தரியைத் திருமணமும் செய்துகொண்டார்.

அரசு வேலை, நல்ல சம்பளம், கல்யாணம். பெரும்பாலானவர்களுக்குக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ராமன் போகிற வழியில், கல்கத்தாவின் பௌபஜார் தெருவில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற பெயர்ப் பலகையைப் பார்த்தார். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய இடம். சோதனைக்கூடம் இருந்தது, சோதனை செய்யத்தான் ஆள் இல்லை. அன்று முதல் ஆபீஸுக்கு முன்பும் பின்பும் அவர் இருப்பிடம் அதுதான். இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வந்த காலம் தவிர, பத்து ஆண்டுகள் இப்படியே ஓடின. பகலில் கணக்கு, மற்ற நேரமெல்லாம் வயலின், வீணைத் தந்திகளின் அதிர்வு.

1917-ல், அசுதோஷ் முகர்ஜியின் அழைப்பில், கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பதவி வந்தது. சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஆனாலும் போனார். ஒரே ஒரு சிக்கல், அந்தப் பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்று விதி. அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் விதிதான் வளைந்தது.

நார்குண்டா கப்பலின் தளத்தில்

1921-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிரிட்டிஷ் பேரரசின் பல்கலைக்கழகங்கள் கூடிய மாநாட்டுக்கு, கல்கத்தாவின் பிரதிநிதியாக ராமன் போனார். ஐரோப்பாவுக்கு அதுவே முதல் பயணம். போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடத்தில் ஓர் ஓரத்தில் கிசுகிசுத்தால் எதிர் ஓரத்தில் கேட்குமே, அதையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

திரும்பும்போது எஸ்.எஸ். நார்குண்டா என்ற கப்பல். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை நிறுத்தியது. அந்தக் காலத்தில் இதற்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருந்தன.

முதல் பதில் லார்ட் ரேலேயுடையது. வானம் ஏன் நீலம் என்று உலகத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கின்றன என்றார். கடலைப் பற்றிக் கேட்டபோது, அது வானத்தின் பிரதிபலிப்புதான் என்று முடித்துவிட்டார். நோபல் பரிசு பெற்றவர் சொன்னது, அதனால் பெரிதாக யாரும் கிளறவில்லை.

இரண்டாவது பதில் தூசி. ஜான் டிண்டால் 1870-ல் சூரிய கிரகணம் பார்க்க அல்ஜீரியா போய்த் திரும்பிய வழியில், பல இடங்களில் கடல்நீரைப் புட்டிகளில் பிடித்து வந்தார். அவற்றுக்குள் ஒளிக்கற்றையைச் செலுத்திப் பார்த்தார். பச்சையாகத் தெரிந்த கடலின் நீரில் நுண்துகள்கள் நிறைய, நீலமாகத் தெரிந்த கடலின் நீரில் மிகக் குறைவு. ஆகவே கடலுக்குள்ளிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது துகள்கள்தான் என்று பலரும் நினைத்தார்கள்.

ராமன் முதல் பதிலைக் கப்பல் தளத்திலேயே உடைத்தார். அந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருக்கிறதா? அதைப் போட்டுக்கொண்டு கடலைப் பாருங்கள், மேற்பரப்பின் பளபளப்பு அடங்கிவிடும். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி, குறிப்பிட்ட கோணத்தில், ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியாக மாறிவிடுகிறது. நேர் கீழிலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில் பார்த்தால், சரியாகத் திருப்பிப் பிடித்த நிகல் பட்டகம் அதை முழுவதுமாக வெட்டிவிடும். ராமன் பையிலிருந்த பட்டகமும் அதுதான்.

நீலம் வானத்தின் பிரதிபலிப்பாக இருந்திருந்தால், பட்டகத்தின் வழியே பார்க்கும்போது கடல் கறுத்துப் போயிருக்க வேண்டும். கறுக்கவில்லை. பிரதிபலிப்பு போனதும் நீலம் இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது. அப்படியானால் நிறம் வருவது தண்ணீருக்கு உள்ளேயிருந்து. பிரதிபலிப்பு என்ற ஒன்றே இல்லை என்று அர்த்தமில்லை. மேகமூட்டமான நாளில் கடல் சாம்பலாகத் தெரிவது அதனால்தான். ஆனால் அது மேலே போர்த்திய துணி மாதிரி.

செப்டம்பர் கடைசியில் கப்பல் பம்பாய் துறைமுகத்தைத் தொட்டபோது, லண்டனின் 'நேச்சர்' இதழுக்கு அனுப்ப அவருடைய கடிதம் தயாராக இருந்தது.

தூசி இல்லாத தண்ணீர்

இரண்டாவது பதில் அவ்வளவு சுலபத்தில் உடையவில்லை. துகளே இல்லாத தண்ணீர், தானாகவே ஒளியைச் சிதறடிக்குமா? நெருக்கமாக அடுக்கிய மூலக்கூறுகள் சிதறடிக்கும் ஒளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டும். ஆனால் தண்ணீருக்குள் மூலக்கூறுகள் ஒரு கணம் இங்கே கொஞ்சம் நெருங்கி, அங்கே கொஞ்சம் விலகி, ஓயாமல் தளும்பிக்கொண்டே இருக்கின்றன. அந்த அடர்த்தி மாற்றங்கள் ஒளியைச் சிதறடிக்கும் என்று ஸ்மோலுசோவ்ஸ்கியும் ஐன்ஸ்டைனும் கணக்குப் போட்டிருந்தார்கள். ராமன் அதைத் தண்ணீருக்குப் பொருத்தினார். தூசி நீக்கிய காற்றைவிட, அதே அளவு தூய தண்ணீர் சுமார் 150 மடங்கு ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டார். துகளே இல்லாவிட்டாலும் ஆழ்கடல் இருட்டாக இருக்காது. உள்ளிருந்து நீலமாக ஒளி திரும்பி வரும். 1922-ல் ராயல் சொசைட்டியின் இதழில் இது வெளியானது.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். ராமன் சிதறலை முதன்மையாகவும், தண்ணீர் ஒளியை உட்கவர்வதைத் துணையாகவும் வைத்தார். இன்றைக்கு அந்த வரிசை மாறிவிட்டது. தண்ணீர் சிவப்பு ஒளியை வேகமாக விழுங்குகிறது. 10 மீட்டர் ஆழத்துக்குள் பெரும்பகுதி சிவப்பு காலி, நீலமோ தெளிந்த நீரில் 100 மீட்டரையும் தாண்டி இறங்கும். நிறத்தைத் தீர்மானிப்பதில் இந்த விழுங்கலுக்கே பெரிய பங்கு. ஆனால் மிஞ்சிய நீலத்தைத் திருப்பி உங்கள் கண்ணுக்கு அனுப்ப ஒருவர் வேண்டுமே? அது ராமன் சொன்ன மூலக்கூறுச் சிதறல்தான்.

அப்படியென்றால் துகள்கள் என்ன செய்கின்றன?

மாலையில் ஆபீஸ் விட்டு மேற்குப் பார்த்து வண்டி ஓட்டியிருந்தால் உங்களுக்கு இது தெரியும். எதிரே சூரியன் இருக்கும்போது காரின் முன்கண்ணாடியில் படிந்த தூசி முழுவதும் வெளிச்சமாகி, ரோடே தெரியாது. வண்டியைத் திருப்பி, சூரியன் முதுகுப் பக்கம் போனால் அதே கண்ணாடி சுத்தமாகத் தெரியும். தூசி எங்கும் போய்விடவில்லை. ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரிய துகள், தன்மேல் பட்ட ஒளியைப் பெரும்பாலும் முன்பக்கமே தள்ளுகிறது, பின்பக்கம் அனுப்புவது மிகக் கொஞ்சம். தண்ணீர் மூலக்கூறுகள் அப்படி இல்லை, முன்னும் பின்னும் சரிபாதி.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. மிகத் தெளிந்த நடுக்கடலில்கூட, மொத்தச் சிதறலில் பெரும்பங்கு துகள்களுடையது. ஆனால் அவை சிதறடிப்பது கிட்டத்தட்ட எல்லாம் கீழ்நோக்கியே போய்விடுகிறது. மேலே திரும்பி வரும் நீலத்தில் தண்ணீருக்கே பெரும்பங்கு. டிண்டால் தரப்பும் ராமன் தரப்பும் ஒரே கடலின் இரண்டு கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தன என்றுகூடச் சொல்லலாம்.

துகள்களில் உயிருள்ளவைதான் கடலின் நிறத்தை அதிகம் மாற்றுகின்றன. தாவர மிதவை உயிரிகளில் இருக்கும் பச்சையம், நீலத்தையும் கொஞ்சம் சிவப்பையும் எடுத்துக்கொண்டு பச்சையை விட்டுவிடுகிறது. தென் பசிபிக்கின் நடுவே, ஈஸ்டர் தீவுப் பக்கம், ஒரு கன மீட்டர் நீரில் பச்சையம் சுமார் 0.02 மில்லிகிராம்தான். அங்கே கடல் ஊதா கலந்த நீலம். கரையோரங்களில் அது 1 மில்லிகிராமைத் தாண்டினால் நீலம் பச்சைக்குத் திரும்புகிறது. ஆறுகள் கொண்டுவரும் வண்டலும், அழுகிய இலைதழை கரைந்த மஞ்சள் நீரும் சேர்ந்தால், மெரினாவில் நீங்கள் பார்க்கும் நிறம் வந்துவிடும்.

சில மிதவைகள் உட்கவர்வதைவிடச் சிதறடிப்பதில் கெட்டிக்காரர்கள். எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற உயிரி, ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்குதான் இருக்கும். தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புத் தட்டுகளைக் கட்டிக்கொள்கிறது. அது பெருகும்போது தட்டுகள் உதிர்ந்து நீரில் மிதக்கும். ஒவ்வொரு தட்டும் ஒரு குட்டிக் கண்ணாடி போல ஒளியை எல்லாப் பக்கமும் வீசும். கோடைத் தொடக்கத்தில் கருங்கடல் பால் கலந்த இளநீலமாக மாறி, விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

ராமனுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. வெதுவெதுப்பான திறந்த கடல்களில், காலியாகத் தெரியும் நீரின் ஒரே ஒரு மில்லிலிட்டரில், புரோக்ளோரோகாக்கஸ் என்ற பாக்டீரியா ஒரு லட்சம் வரை இருக்கும். அளவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அது கண்டுபிடிக்கப்பட்டது 1980-களில். ராமன் இறந்து அப்போது பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அழுக்கு என்று ஒதுக்கிய பச்சை

கல்கத்தாவுக்குத் திரும்பியதும் ராமன் தன் மாணவர்களையும் இதில் இறக்கிவிட்டார். பாலக்காட்டின் கல்பாத்தியிலிருந்து வந்தவர் கே.ஆர். ராமநாதன். 1923-ல் அவர் சூரிய ஒளியை ஊதா வடிகட்டி வழியாகத் தண்ணீருக்குள் செலுத்தினார். சிதறி வருவதும் ஊதாவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதனுடன் மெல்லிய பச்சைச் சாயல் ஒன்றும் வந்தது.

யாருக்கும் முதலில் தோன்றுவது, தண்ணீரில் அழுக்கு இருக்கிறது என்பதுதான். கரிமப் பொருட்கள் ஒரு நிறத்தை வாங்கி இன்னொரு நிறத்தில் ஒளிரும், அதில் அதிசயம் இல்லை. ராமநாதன் தண்ணீரை வெற்றிடத்தில் மெதுவாக, திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தார். பச்சை போகவில்லை. பலவீனமான ஒளிர்வு என்று கட்டுரையில் எழுதிவிட்டு நகர்ந்தார்கள். ராமனுக்கு அந்த விளக்கம் திருப்தியாக இல்லை. ஆனால் அதை உடைக்கும் வழியும் அப்போது கிடைக்கவில்லை.

வழி கிடைக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. அழுக்கால் வரும் ஒளிர்வு எல்லாத் திசையிலும் தாறுமாறாக அதிரும். கிளிசரினில் கண்ட பச்சை ஒளியோ, சிதறல் ஒளியைப் போல ஒரே தளத்தில் ஒழுங்காக அதிர்ந்தது. அது அழுக்கு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல தடயம் வேண்டாம். 1928 ஜனவரியில், விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் சோதனையில் உட்கார்ந்தார். சுமார் 60 திரவங்களைப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அதே கதை. பிப்ரவரி 28-ம் தேதி நிறமாலைமானியில், செலுத்திய நிறத்திலிருந்து பிரிந்து நிற்கும் புதிய நிறம் தெளிவாகத் தெரிந்தது. ஒளித்துகள் மூலக்கூறில் மோதும்போது தன் ஆற்றலில் ஒரு பகுதியை அதை அதிரவைக்கக் கொடுத்துவிட்டு, வேறு நிறமாக வெளியே வருகிறது. தண்ணீரில் 532 நானோமீட்டர் பச்சை ஒளியைச் செலுத்தினால், மிகச் சிறிய ஒரு பகுதி 650 நானோமீட்டர் சிவப்பாக வெளிவரும்.

மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் என்ற இருவர் அதே மாதத்தில் படிகத்தில் இதையே கண்டிருந்தார்கள். 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் போனது. கிருஷ்ணனுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டாமா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. இருந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பச்சையைக் கண்ட ராமநாதனை அந்த விவாதத்தில்கூட அதிகம் பேர் நினைப்பதில்லை.

பிறகு வந்தவை வேகமாகச் சொல்லக்கூடியவை. 1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர். சச்சரவு வந்து 1937-ல் அந்தப் பொறுப்பை விட்டார், பேராசிரியராக 1948 வரை நீடித்தார். பிறகு தன் பெயரிலேயே ஓர் ஆய்வு நிறுவனம். 1954-ல் பாரத ரத்னா. கடைசிக் காலத்தில் பூக்களின் நிறங்களையும், கண் எப்படி நிறம் பார்க்கிறது என்பதையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1970 நவம்பர் 21-ம் தேதி இறந்தார்.

கழித்துப் பார்க்கும் கணக்கு

அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1978-ல், கடலின் நிறத்தை அளப்பதற்காகவே செய்த கருவியை நாசா நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ஏற்றியது. நிறத்தை வைத்து, ஒரு கடலில் எவ்வளவு மிதவை உயிரிகள் இருக்கின்றன என்று கணக்கிடுவதுதான் நோக்கம். செயற்கைக்கோளுக்கு வரும் ஒளியில் சுமார் 90 சதவீதம் கடலிலிருந்து வருவதே இல்லை. அது காற்றுமண்டலம் சிதறடித்த ஒளி, அதாவது ரேலேயின் வானம். முதலில் அதைக் கழிக்க வேண்டும். மிச்சத்தில் தண்ணீர் மூலக்கூறுகளின் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால்தான், பாக்கி இருப்பது உயிரிகளுடையது என்று சொல்ல முடியும். தண்ணீரின் பங்கைத் தப்பாகப் போட்டால் மீனுக்கு உணவே இல்லாத கடலில் உணவு இருப்பதாகக் கணக்கு வரும்.

ராமன் விளைவும் இந்தக் கணக்கில் வந்து உட்கார்ந்தது. தெளிந்த கடலில் 50 மீட்டர் ஆழத்தில் சூரியனின் சிவப்பு ஒளி அநேகமாக இருக்கவே கூடாது. ஆனால் கருவிகள் அங்கே சிவப்பு இருப்பதாகக் காட்டின. 1980-களில் விளக்கம் கிடைத்தது. ஆழம் வரை இறங்கும் நீலமும் பச்சையும் தண்ணீர் மூலக்கூறில் மோதி நிறம் மாறி, அங்கேயே மஞ்சளும் சிவப்புமாகப் பிறக்கின்றன. மிதவைகளின் பச்சையம் ஒளிரும் சிவப்பும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. இரண்டையும் பிரித்தால்தான் உயிரிகளின் எண்ணிக்கை சரியாக வரும். ராமநாதன் புட்டியில் எழுந்த அதே கேள்வி, இப்போது கடல் அளவில்: இந்த நிறம் தண்ணீருடையதா, அதில் இருப்பவற்றுடையதா?

இஸ்ரோவின் ஓஷன்சாட் செயற்கைக்கோள்கள் 1999 முதல் இந்தியக் கடல்களின் நிறத்தை அளந்துவருகின்றன. மூன்றாவது, 2022 நவம்பர் 26-ல் ஏவப்பட்டது. பச்சையத்தின் அளவையும் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் சேர்த்து, ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம் மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களைக் கணித்து, தமிழ்நாட்டுக் கடற்கரை உட்பட நாடு முழுவதும் மீனவர்களுக்கு அனுப்புகிறது. எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்ற விவரத்துடன் வரும் அந்தத் தகவலை வைத்து, படகுக்கு எவ்வளவு டீசல் போடுவது என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள்.